தழைக்கொம்புடன் மலையேறுகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்தது முதல் கோடை மழை விழும்வரை, மேற்கு மலைத்தொடரை ஒட்டிய மாவட்டங்களின் செய்திப் பக்கங்களில் ஒரே மாதிரிச் செய்தி வந்துகொண்டே இருக்கும். இன்ன மலையில் காட்டுத்தீ, பல ஏக்கர் நாசம், வனத்துறையினர் பல மணி நேரம் போராடி அணைத்தனர். அவ்வளவுதான். யார் போனார்கள், எத்தனை பேர், கையில் என்ன இருந்தது, எப்படி அணைத்தார்கள் என்பது வாசகருக்குத் தெரிய வருவதில்லை. வேலை தெரியாத இடத்தில் மரியாதையும் வராது, அந்த வேலைக்கு வேண்டியதைக் கேட்கவும் வழியிருக்காது. ஆகவே அந்த வேலையைப் பற்றியே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். தாங்கள் இடம் ஒதுக்கி வெளியிட வேண்டும்.

ஊருக்குள் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வரும், தண்ணீர் பாயும். மலையில் அந்த வண்டி தார்ச்சாலை முடியும் இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடந்து போகிறவர்கள் ஒரு வனவர், ஓரிரு வனக்காப்பாளர்கள், வனக்காவலர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், பிறகு கோடை மாதங்களுக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள். கடைசி இரண்டு வகையினரில் பளியர், முதுவர், காடர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் என மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏராளம். எந்த ஓடையில் இன்னும் ஈரம் இருக்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் வழி இருக்கிறது, யானைத்தடம் எங்கே போகிறது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கும் வரைபடம். குழுவில் ஊதியம் மிகக் குறைந்தவரும் பணி நிரந்தரம் இல்லாதவரும் அவர்களே. தீக்கு மிக அருகில் நிற்பதும் அவர்களே.

தகவல் இரண்டு வழியில் வரும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பதிவுகளைப் பார்த்து, எந்தப் பகுதியில் வெப்பப்புள்ளி தெரிகிறது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. இது மிகப் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடப்பது ஏறக்குறைய பிற்பகல் ஒன்றரை மணிக்கும் பின்னிரவு ஒன்றரை மணிக்கும். மூன்று மணிக்குப் பற்றிய தீ அதன் கண்ணில் பட இரவாகிவிடும். அதன் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர் சதுரம், பழைய கருவியில் ஒரு கிலோமீட்டர். மலையில் 375 மீட்டர் என்றால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கலாம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே சருகில் மெல்ல ஊரும் தீ படாமலும் போகலாம். அதனால் இன்றைக்கும் காவல் கோபுரத்தில் நின்று புகையின் நிறத்தைப் பார்க்கிறவரின் கண்ணே முதல் எச்சரிக்கை. வெளிறிய புகை என்றால் புல்லும் சருகும் எரிகின்றன. கரும்புகை திரண்டு எழுந்தால் புதரும் மரமும் பற்றி, தீ உக்கிரமாகிவிட்டது என்று பொருள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் எந்தச் சரிவு வழியாக ஏறுவது என்று முடிவாகும்.

அந்த முடிவில்தான் பாதி உயிர் இருக்கிறது. தீ மலையில் ஏறும், இறங்காது என்று பலர் நினைக்கிறார்கள். இறங்கும், ஆனால் மெல்ல. ஏறும்போதுதான் அது வேறு வேகம். சுடர் சரிவை ஒட்டிச் சாய்வதால் மேலே இருக்கும் புல்லும் சருகும் தீ வந்து தொடும் முன்பே உலர்ந்து சூடேறிவிடுகின்றன. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியர்கள் வகுத்த கணக்கு. சமதளத்தில் நடந்தே விலகக்கூடிய தீ, 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு வேகத்தில் வரும். அதே சரிவில் மனிதனின் வேகமோ பாதியாகக் குறைந்திருக்கும். இதற்கு மேல் காற்று வேறு. வெயில் ஏறும் பகலில் மலைக்காற்று அடிவாரத்திலிருந்து மேலே வீசும், பொழுது சாய்ந்ததும் திரும்பி மேலிருந்து கீழே இறங்கும். திரும்பும் அந்த ஒரு மணி நேரத்தில் எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டிருந்தோமோ அது தலைகீழாகும். இரண்டு சரிவுகள் கூடும் ஒடுங்கிய ஓடைப்பள்ளம் இன்னும் மோசம். புகைபோக்கி போல அது தீயை மேலே உறிஞ்சும். அனுபவப்பட்டவர்கள் அப்படிப்பட்ட பள்ளத்தில் தீக்கு மேல்பக்கம் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார்கள்.

குரங்கணியை இந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று போடி மலையில், கொழுக்குமலைப் பக்கம் மலையேற்றம் போனவர்கள் காய்ந்த புல்வெளிச் சரிவில் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே நடந்ததைப் பற்றி எத்தனையோ எழுதியாகிவிட்டது. அன்று மாலையிலும் இரவிலும், எரிந்து முடியாத சரிவில் இறங்கி, தீக்காயம் பட்டவர்களைத் துணியில் கிடத்தித் தூக்கி வந்த உள்ளூர் மக்களையும் காவலர்களையும் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்பட்டது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் பள்ளத்தில் கிடந்தவரைத் தொட்டுத் தூக்கியவை மனிதர்களின் கைகள்.

இனி, அணைக்கும் வேலை. முதல் விதி, தீயின் நெற்றிக்கு நேராகப் போகக் கூடாது. காற்று தள்ளிக்கொண்டு போகும் முன்பகுதிதான் நெற்றி. பின்பக்கம், அதாவது தீ எரிந்து கடந்து போன பக்கம், ஒரு பாறையோ வண்டிப்பாதையோ ஓடையோ இருக்கும் இடத்தில் தொடங்கி, இரண்டு விலாப்புறமாக முன்னேறி நெற்றியை ஒடுக்க வேண்டும். தொடங்கும் இடம் உறுதியாக இல்லாவிட்டால், அணைத்துக்கொண்டே முன்னேறும் குழுவின் முதுகுப் பக்கம் தீ சுற்றி வந்துவிடும். பலர் சிக்குவது இப்படித்தான்.

தண்ணீர் இல்லாத இடத்தில் ஆயுதம் தழைக்கொம்பு. கெட்டியான பச்சை இலை அடர்ந்த, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான கிளையை வெட்டிக்கொள்வார்கள். தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் பொறி பறந்து எரியாத பக்கம் விழும். வெளியிலிருந்து உள்ளே, எரிந்த கரிப்பக்கம் நோக்கி, தாழ அமுக்கி இழுக்க வேண்டும். அடிப்பதைவிட அமுக்குவதே முக்கியம், காற்றை மறித்தால்தான் சுடர் சாகும். மூன்று நான்கு பேர் வரிசையாகப் போவார்கள். முன்னவர் சுடரைத் தணிப்பார், அடுத்தவர் மிச்சத்தை அமுக்குவார், கடைசி ஆள் மண்வெட்டியோடு கங்குகளைக் கரிக்குள் தள்ளி மண் போடுவார். முன்னால் நிற்பவருக்கு முகத்தில் அனல் தாங்காது, ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். கொம்பின் இலை வாடிச் சுருண்டதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வெட்ட வேண்டும். வாடிய தழை தீயை அணைக்காது, தானே பற்றும். இப்போது பல வனச்சரகங்களில் நீண்ட கைப்பிடியில் ரப்பர் பட்டை பொருத்திய தீயடிப்பான்களும் முதுகில் சுமக்கும் தண்ணீர்த் தெளிப்பான்களும் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் 15 லிட்டர் தெளிப்பானைச் சுமந்து இரண்டு மணி நேரம் ஏறிப் போனால், அது காலியாகச் சில நிமிடம் போதும். மறுபடி நிரப்ப எங்கே போவது?

இலை ஊதும் இயந்திரம் வந்தது பெரிய மாற்றம். பிளோயர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இலையுதிர் காட்டில் சருகை ஊதித் தள்ளி, வெறும் மண் தெரியும் பாதை ஒன்றை ஆள் நடக்கும் வேகத்தில் போட்டுவிடலாம். கையால் பெருக்கினால் பத்துப் பேருக்கு அரைநாள் வேலை. ஆனால் அதைத் தவறாகப் பிடித்தால் துருத்தி போலத் தீயை வளர்க்கும். ஊதும் வாய் எப்போதும் கரிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், சுடர் உயரமாக உள்ள இடத்தில் நேராக ஊதவே கூடாது. அது பெட்ரோலில் ஓடுவது. சூடான இயந்திரத்தில் எரிபொருள் ஊற்றினால் சிந்தும் ஆவியே பற்றிக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு, தீயிலிருந்து விலகி, சருகில்லாத வெறுந்தரையில் வைத்து ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கேனைச் சுமப்பவர் இயந்திரத்தோடு தீ ஓரம் போகக் கூடாது, பின்னால் தனியாக நிற்க வேண்டும்.

எந்தத் தீயை இப்படிக் கையால் நெருங்கலாம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் ஓர் அளவு உண்டு. சுடரின் நீளம் நான்கு அடிக்குள், ஏறக்குறைய 1.2 மீட்டருக்குள், இருந்தால்தான் கைக்கருவியோடு பக்கத்தில் போகலாம். அதற்கு மேல் போனால் அனலே ஆளைத் தள்ளிவிடும். எட்டு அடியைத் தாண்டினால் இயந்திரங்களாலும் நேராக எதிர்கொள்வது கடினம். நம் காடுகளில் உண்ணிச்செடி மண்டிய இடமெல்லாம் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். அதன் குச்சிகள் கோடையில் கலகலவென்று காய்ந்து, தரையிலிருந்து மரக்கிளை வரை ஏணி வைத்ததுபோல நிற்கும். சருகில் முழங்கால் உயரத்துக்கு எரிந்த தீ, உண்ணிப்புதருக்குள் நுழைந்ததும் மரத்தின் தலைக்கு ஏறிவிடும். சுக்குநாறிப் புல்லில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அரைகுறைப் பச்சையிலும் பற்றும். பூத்து மடிந்த மூங்கில் தூறு இன்னொரு ஆபத்து. கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வேட்டுப்போல் வெடிக்கும், எரியும் சிம்பு தெறிக்கும்.

அப்படி நெருங்க முடியாத தீக்குத்தான் எதிர்த்தீ. முன்னால் தூரத்தில் ஒரு பாதையையோ தீத்தடுப்புக் கோட்டையோ எல்லையாக வைத்துக்கொண்டு, அதன் உள்ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீ வைத்து, வரும் தீயை நோக்கி எரியவிடுவது. இரண்டும் சந்திக்கும்போது எரிய எதுவும் மிச்சமில்லாமல் ஓயும். கேட்க எளிது. கோட்டின் வெளிப்பக்கம் பொறி விழுந்தால் உடனே அணைக்க ஆள் வரிசையாக நிற்க வேண்டும். முகடாக இருந்தால் உச்சியிலிருந்து தொடங்கி இரு பக்கமும் கீழே இறங்கிக்கொண்டே வைக்க வேண்டும், கீழிருந்து வைத்தால் அது வைத்தவர் மேலேயே ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே நம் ஆட்கள் ஒருவரும் இல்லை என்பது உறுதியாக வேண்டும். வாக்கிடாக்கி எடுக்காத பள்ளத்தில் இரண்டு பேர் கொம்போடு நிற்பது தெரியாமல் மேலிருந்து எதிர்த்தீ வைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் எதிர்த்தீ வைக்க உத்தரவிடும் அதிகாரம் களத்தில் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும் என்கிறோம்.

சுடர் அடங்கியதும் செய்தியில் தீ அணைந்துவிடும். காவலர்களுக்கு அங்கிருந்துதான் சலிப்பான, ஆபத்தான பாதி வேலை. விழுந்து கிடக்கும் மட்கிய மரம் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனியும். வேர் மண்ணுக்கடியில் எரிந்து கோட்டைத் தாண்டி மறுபக்கம் தலைகாட்டும். காய்ந்த யானைச்சாணம் வெளியே சாம்பலாகவும் உள்ளே கங்காகவும் வெகுநேரம் கிடக்கும். மறுநாள் பகல் காற்றில் ஒரு பொறி பறந்தால் முந்தைய இரவின் உழைப்பு முழுவதும் வீண். ஆகவே எரிந்த ஓரம் முழுக்க நடந்து, புறங்கையைத் தரைக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, சூடு தெரியும் இடத்தைக் கிளறி மண்ணோடு கலந்து ஆற்ற வேண்டும். சரிவில் எரியும் கட்டை உருண்டு எரியாத பகுதிக்குப் போகாமலிருக்க, அதற்குக் கீழே குறுக்காகச் சிறு வாய்க்கால் வெட்டி மண்ணை வரப்பாக அணைக்க வேண்டும். அடிமரம் எரிந்துபோய் நிற்கும் பட்ட மரங்கள் சத்தமில்லாமல் சாய்வதும் இந்த நேரத்தில்தான். களைப்பில் அதன் அடியிலேயே உட்கார்ந்துவிடத் தோன்றும்.

இரவு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னிரவில் காற்று தணியும், சருகில் ஈரப்பதம் ஏறும், சுடர் குட்டையாகும். அணைக்க ஏற்ற நேரம் அதுதான். ஆனால் தீயிலிருந்து ஒதுங்கிய யானைக்கூட்டமும் கரடியும் காட்டுமாடும் அதே இருட்டில் அதே பாதையில்தான் நகரும். புகை மூட்டத்தில் தலைவிளக்கு பத்தடிக்கு மேல் காட்டாது. பாறை விளிம்பு தெரியாது.

இந்த வேலையில் உயிர்கள் போயிருக்கின்றன, அடிக்கடி போயிருக்கின்றன. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில், கல்கெரே சரகத்தில் தீயணைக்கப் போன இளம் வனக்காப்பாளர் ஒருவர் தீயில் இறந்தார். 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே கொட்டம்பத்தூரில் மூன்று வனக்காவலர்கள் தீயால் சூழப்பட்டு மாண்டார்கள். அது வேல மர வகைத் தோட்டம், அடியில் புதர் காய்ந்து கிடந்தது. 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் எட்டுப் பேர் போன குழுவில் நால்வர் அங்கேயே இறந்தனர், மற்ற நால்வருக்கும் கடுமையான தீக்காயம். பயிற்சியும் கருவியும் நிறைந்த நாட்டிலும் இதுதான் நிலை. 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யார்னெல் மலைத் தீயில், தேர்ந்த குழு ஒன்றின் 19 பேர் இறந்தனர். ஏற்கெனவே எரிந்து முடிந்த பாதுகாப்பான பகுதியை விட்டு வேறிடத்துக்கு நடந்து போகும் வழியில், காற்று திசை மாறி, தீ அவர்களைப் பிடித்தது.

இப்படிப்பட்ட சாவுகளிலிருந்து அமெரிக்கக் குழுக்கள் கற்றுச் சுருக்கி வைத்திருக்கும் நான்கு கட்டளைகளை நம் சரகங்களிலும் தாளில் இல்லாமல் காலில் பழக்க வேண்டும். தீ முழுவதும் தெரியும் உயரத்தில், கொம்பைத் தொடாமல், பார்ப்பதற்கென்றே ஓர் ஆள். அவருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் அறுபடாத தொடர்பு, கருவி எடுக்காவிட்டால் விசில் சைகை. வேலை தொடங்கும் முன்பே நடந்து பார்த்து வைத்த, ஒன்றுக்கு இரண்டு தப்பும் வழிகள். போய் நிற்கப் போதுமான பாதுகாப்பான இடம். கடைசியானதற்கு ஓர் அளவு உண்டு. சமதளத்தில், காற்றில்லாதபோது, எதிர்பார்க்கும் சுடரின் உயரத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு தூரம் தீயிலிருந்து விலகி நிற்க முடிய வேண்டும். சரிவும் காற்றும் இருந்தால் அதைவிட மிக அதிகம். பெரும்பாலும் நம் மலைகளில் அப்படிப்பட்ட இடம், முழுக்க எரிந்து ஆறிய கரிநிலம்தான். ஆகவே மேல்நோக்கி ஓடாதே, விலாப்பக்கமாகக் கரிக்குள் போ என்பது ஒவ்வொரு தினக்கூலிக் காவலருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். நான்கில் முதலாவதைத்தான் ஆள் பற்றாக்குறையில் நாம் முதலில் கைவிடுகிறோம். எட்டுப் பேர் மட்டும் இருக்கும்போது ஒருவரைச் சும்மா நிறுத்துவதா என்று தோன்றும். அவர் சும்மா நிற்கவில்லை, மற்ற ஏழு பேரின் கண்ணாக நிற்கிறார்.

அடுத்தது உடை. தீயிடம் போகிறவருக்குக் கொடுக்கக் கூடாத துணி பாலியஸ்டர். அது எரிவதற்கு முன் உருகும், உருகித் தோலோடு ஒட்டும். சீருடைக்கு வழக்கமாகப் பயன்படும் டெரிகாட்டனில் பாலியஸ்டர் கலப்பு உண்டு. உள்ளே போடும் மலிவான விளையாட்டுப் பனியன் முழுக்க அதுவே. தீப்பிடிக்காத சிறப்புத் துணி எல்லோருக்கும் கிடைக்கும்வரை, முழுக்கை வைத்த கெட்டியான பருத்திச் சட்டையும் பருத்திக் கால்சட்டையும் பருத்தி உள்ளாடையுமாவது தரலாம், செலவு அதிகமில்லை. காலணி அதைவிட அவசரம். பசை வைத்து ஒட்டிய அடிப்பாகம் சூடான சாம்பலில் சில மணி நேரம் நடந்தால் பிளந்து வாய் திறக்கும், கங்கு உள்ளே போகும். தைத்த அடிப்பாகமும் கணுக்காலுக்கு மேல் ஏறும் தோலும் உள்ள பூட்ஸ் வேண்டும். தோல் கையுறை, கண்ணாடி, தலைக்கவசம், கழுத்தை மூடும் பருத்தித் துணி. மூக்கில் ஈரத்துணி கட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அனல் மிகுந்த இடத்தில் ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாயைச் சுடும், உலர்ந்த துணியே மேல். எந்தத் துணியும், சாதாரண முகக்கவசமும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அது ஏறினால் முதலில் தலைவலி, எரிச்சல், பிறகு முடிவெடுப்பதில் தடுமாற்றம். வழக்கமாக நிதானமாக இருப்பவர் திடீரென்று சிடுசிடுத்தால் அவரைப் புகைக்கு வெளியே உட்கார வைக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதே இல்லை. தீயோரம் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டராவது குடிக்கத் தேவை. பத்து மணி நேரத்துக்குப் பத்து லிட்டர், அதாவது பத்துக் கிலோ. கருவியோடு அதையும் சுமந்து ஏற முடியாது. இரண்டு பாட்டிலோடு போய், அது தீர்ந்ததும் நாக்கு வறண்டு வேலை செய்கிறார்கள். வெப்பவாதத்தில் மயங்கி விழுந்தவரைத் தூக்க நான்கு பேர் வேண்டும், அத்தோடு அணைக்கும் குழு கலைகிறது. ஆகவே ஒவ்வொரு பெரிய தீக்கும், அணைப்பவர்களைத் தவிர்த்து, தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் புளிச்சோறும் கடலைமிட்டாயும் சுமந்து ஏறுவதற்கென்றே தனி ஆட்கள் வேண்டும். கோடை தொடங்கும் முன்பே தடுப்பு முகாம்களில் கேன்களில் நீர் நிரப்பி மூடி வைக்கலாம். அடிவாரத்து ஊர்களில் இதற்கு முன்வரும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தீயிடம் அவர்களை அனுப்பக் கூடாது. வனத்துறை குறித்துக் கொடுக்கும் இடம்வரை தண்ணீர் கொண்டுபோக அவர்கள் போதும்.

ஹெலிகாப்டர் ஏன் வருவதில்லை என்று ஒவ்வொரு முறையும் கேள்வி எழுகிறது. வந்திருக்கிறது. 2019இல் பந்திப்பூருக்கும் 2024 மார்ச்சில் குன்னூருக்கும் விமானப்படையின் எம்ஐ-17 வந்து, தொங்கும் பெரிய வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. குன்னூரில் ரேலியா அணையிலிருந்து எடுத்தார்கள். ஒரு தடவைக்குச் சில ஆயிரம் லிட்டர். அது சுடரைத் தாழ்த்தும், அனலைக் குறைக்கும், ஆட்கள் நெருங்க வழி செய்யும். மரத்தடியில் கனியும் வேரை அது அணைக்காது. அந்தச் சில நிமிட அவகாசத்தில் தரையில் இருப்பவர்கள் ஓடிப்போய் மண் போட்டால்தான் பயன்.

தீ வரும் முன் செய்யும் வேலைதான் உண்மையில் உயிர்களைக் காக்கிறது, அதற்குத்தான் யாரும் பாராட்டுவதில்லை. பனிக்காலம் முடியும் முன்பே தீத்தடுப்புக் கோடுகள் போட வேண்டும். இடத்துக்குத் தக்கபடி மூன்று மீட்டரிலிருந்து பத்து மீட்டர், சாலையோரமும் மாநில எல்லையும் என்றால் அதற்கு மேலும், செடி வெட்டி, வேர் நீக்கி, காய்ந்ததைக் கண்காணிப்பில் எரித்து, பெருக்கி விடுவார்கள். தேக்குக் காட்டில் அந்தக் கோட்டின் ஆயுள் சில வாரம்தான். மறுபடி இலை கொட்டி மூடிவிடும், கோடு இருப்பது வரைபடத்தில் மட்டும். ஒரே கோட்டை இரண்டு மூன்று முறை பெருக்க ஆளும் கூலியும் வேண்டும். நிதியும் ஆள் நியமனமும் தை மாதத்துக்குள் சரகத்துக்கு வந்து சேராவிட்டால், அந்த ஆண்டு கொம்பைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மனதில் பட்டபடி சொல்லிவிடுகிறோம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர், புல்லும் சருகும் மண்டுவதற்கு முன், கோடையின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்துத் தரையைச் சுத்தம் செய்யும் வழக்கம் கொண்டிருந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 30ஆம் பிரிவு சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடை செய்கிறது. தடைக்குக் காரணம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விட முடியாது. ஆனால் அந்தச் சிறு தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி இப்படிப் பெருகியது என்று அந்த மக்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எங்கே, எந்த வாரத்தில், எவ்வளவு ஈரத்தில், யார் மேற்பார்வையில் என்று வரையறுத்துச் சிறு பரப்புகளில் சோதித்துப் பார்ப்பது, ஏப்ரலில் பெருந்தீக்குள் அதே மக்களை அனுப்புவதைவிட நியாயமானது. சோலைக்காட்டுக்கு இது பொருந்தாது. அங்கே எந்தத் தீயும் கேடுதான்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிய பட்டியல் அல்ல. தீத்தடுப்புக் காவலருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும், பணியில் சேரும் முதல் நாளிலிருந்தே விபத்துக் காப்பீடும், உயிரிழந்தால் நிரந்தர ஊழியருக்குச் சமமான இழப்பீடும் வேண்டும். தீப்பருவம் முடிந்ததும் நுரையீரல் பரிசோதனை வேண்டும். இரவு முழுக்க உழைத்தவருக்கு மறுநாள் கூலியோடு ஓய்வு வேண்டும், ஏனென்றால் தூக்கமில்லாத கால்தான் பாறையில் வழுக்கும். ஆண்டுதோறும் புது ஆட்களை எடுத்துப் பயிற்சியில்லாமல் அனுப்புவதற்குப் பதிலாக, தெரிந்த கைகளை ஆண்டு முழுக்க வேலையில் வைத்துக் கோடு போடவும் உண்ணிச்செடி அகற்றவும் பயன்படுத்த வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். தீச் செய்தியில் ஏக்கர் கணக்கோடு, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் நடந்து போய் அணைத்தார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் போடுங்கள். தினக்கூலிக் காவலரின் வீட்டில் அந்தத் துண்டுச் செய்தியை வெட்டி வைப்பார்கள்.

வாசகர்களுக்கு. நம் காடுகளில் தீ ஏறக்குறைய எப்போதும் மனிதக் கையிலிருந்தே தொடங்குகிறது. அணைக்காமல் எறிந்த பீடி, சாலையோரச் சமையல், வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் போகும் வழியில் சருகின் மேல் ஏற்றிய கற்பூரம், பட்டா நிலத்தில் குப்பைக்கு வைத்து விட்டுவிட்டுப் போன நெருப்பு. காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் கோடையில் எரிக்காமல் மட்கவிடுவதே நல்லது. எரித்தே ஆக வேண்டுமென்றால் பகுதி வனக்காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, காற்றெழாத விடியற்காலையில், சுற்றிலும் மூன்று மீட்டருக்கு வெறுந்தரை ஆக்கி, தண்ணீரோடு இரண்டு பேர் நின்று, சாம்பலில் கை வைக்க முடியும்வரை இடத்தை விட்டு நகராமல் இருக்க வேண்டும்.

மலையில் புகையைக் கண்டால் ஏறிப் போய் அணைக்க முயல வேண்டாம். உடனே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ, 101 அல்லது 112 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். ‘மலையில் தீ’ என்று மட்டும் சொன்னால் குழு தவறான சரிவில் ஏறி இரண்டு மணி நேரத்தை இழக்கும். எங்கிருந்து பார்க்கிறீர்கள், எந்த ஊர் அல்லது கோயில் அல்லது எஸ்டேட்டுக்கு மேலே, அடிவாரமா நடுச்சரிவா உச்சியா, புகை எந்தத் திசையில் சாய்கிறது, நிறம் என்ன, மேலே ஆட்கள் யாராவது போனதைப் பார்த்தீர்களா என்று சொல்லுங்கள். கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் வரும் எண்களையும் அனுப்பினால் மிக நல்லது. பிறகு வண்டியை ஓரங்கட்டி, மலைக்குப் போகும் பாதையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
காட்டுத்தீத் தடுப்புப் பணியை நன்கறிந்த சிலர்,
தேனி மாவட்டம்.